பழைய கார்களும் பழகிய கைகளும்

ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறுவதற்கு முன்பே சென்னையிலிருந்து புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்துக்கோ புதுச்சேரிக்கோ போகும் பழைய மோட்டார் கார்களின் வரிசையை, பால் வாங்கப் போகிறவர்களும் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் சற்று நின்று பார்த்து, கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, யாரோ பணக்காரர்களின் விளையாட்டு என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த முடிவில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் முதலிய சங்கங்கள் இந்த நகரத்தில் நடத்தும் பிரயாணங்களும் காட்சிகளும் இல்லாதிருந்தால், நம் முன்னோர் ஏறிச் சென்ற வாகனங்களில் பெரும்பகுதி எப்போதோ இரும்புக் கடைத் தராசில் ஏறியிருக்கும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும், இச்சங்கங்கள் கார்களைக் காப்பாற்றுவதில் காட்டும் சிரத்தையில் கால்பங்கைக்கூட, அந்தக் கார்களை இத்தனை காலம் ஓடவைத்த கைகளைக் காப்பாற்றுவதில் காட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பழைய காரைச் சங்கம் வைத்துப் போற்றும் வழக்கம் இங்கிலாந்தில் பிறந்தது. மோட்டார் வண்டிகளைக் கட்டிப்போட்டிருந்த சட்டம் தளர்ந்து, மணிக்கு 14 மைல் வேகம் வரையில் போகலாம் என்று பார்லிமெண்டு அனுமதித்ததைக் கொண்டாடும் பொருட்டு, 1896-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஒரு கோஷ்டி வண்டியோட்டிப் போயிற்று. அதை நினைவுகூர்ந்து 1927-இல் சிலர் அதே வழியில் மறுபடியும் பழைய வண்டிகளை ஓட்டிச் சென்றார்கள். 1930-இல் வெட்டரன் கார் கிளப் என்ற சங்கம் ஏற்பட்டது. இன்றைக்கும் நவம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, 1905-க்கு முன்பு செய்யப்பட்ட வண்டிகள் மாத்திரம் சூரியோதய வேளையில் ஹைட் பார்க்கிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 60 மைல் தூரத்தைத் தட்டுத் தடுமாறிக் கடக்கின்றன. இதில் கவனிக்கத் தக்க விஷயம் ஒன்று உண்டு. முதலில் வந்து சேர்ந்தவருக்கு அங்கே விசேஷ மரியாதை எதுவும் கிடையாது. மாலைக்குள் எப்படியாவது வந்து சேர்ந்தவர் அனைவருக்கும் பதக்கம் உண்டு. வழியில் நின்றுபோன வண்டியைச் சாலையோரத்தில் படுத்துப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டி வந்தவர், பளபளக்கும் வண்டியோடு வந்தவருக்கு எவ்விதத்திலும் தாழ்ந்தவராகக் கருதப்படுவதில்லை.

இந்தியாவில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-இல் டில்லியில் தொடங்கிவைத்த பழைய கார்ப் பவனி இத்தகைய விழாக்களுக்கெல்லாம் மூத்தது. அது தொடங்கிய காலமும் ஒரு விசேஷமான காலம். சமஸ்தானங்கள் ஐக்கியமாகிவிட்டன, 1971-இல் மன்னர் மானியமும் நின்றது, அரண்மனைக் கொட்டகைகளில் கிடந்த ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, ஹிஸ்பானோ சுயிஸா முதலிய ராஜவாகனங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி வியாபாரிகளிடமும் ஆலை முதலாளிகளிடமும் வந்து சேர்ந்தன. ஆகையால் பழைய கார் என்றாலே மகாராஜா கார் என்கிற எண்ணம் இங்கே ஆதியிலேயே வேரூன்றிவிட்டது. அதற்குத் தகுந்தாற்போல் காட்சிகளும் அமைந்தன. ஹோட்டல் புல்தரையிலோ கல்லூரி மைதானத்திலோ கல்யாண வீட்டுக் குத்துவிளக்கைப்போலத் துலக்கி நிறுத்தப்பட்ட வண்டிகளை நடுவர்கள் சுற்றிவந்து, முகப்பு விளக்கின் வளையம் மூலரூபத்தில் இருக்கிறதா, ஆசனத்தின் தோல் அந்தக் காலத்துத் தோல்தானா என்று பரிசீலித்து மதிப்பெண் இடுகிறார்கள். மதிப்பெண் இடுவதில் தவறில்லை. ஆனால் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கப்பட்ட வண்டி முதற்பரிசு வாங்கிச் செல்வதும், நூறு கிலோமீட்டர் தானே ஓடிவந்த வண்டி பம்பரில் ஒரு கீறல் இருந்த காரணத்தால் பின்தள்ளப்படுவதும் நேரக்கூடிய ஏற்பாட்டில் ஏதோ தலைகீழாக இருக்கிறது.

சென்னைக்கு மோட்டார் விஷயத்தில் பெருமைப்பட்டுக்கொள்ளச் சொந்தச் சரக்கு இருக்கிறது. மகாராஜாக்களிடம் கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை. குதிரை வண்டிகளும் கோச்சுகளும் செய்து பெயர் பெற்றிருந்த சிம்சன் கம்பெனியில், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ஆம் வருஷத்திலேயே நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டி நகர வீதிகளில் ஓட்டிக் காட்டினார். இந்தியாவில் இத்தகைய முயற்சிகளில் அதுவே முதலாவது என்று சொல்லப்படுகிறது. கோச்சு செய்த தச்சர்களும் கொல்லர்களுமே பின்னால் மோட்டார் கூடு கட்டுகிறவர்களாக மாறினார்கள் என்பதை நினைத்தால், நம் ஊர்ப் பட்டறைகளின் வம்சாவளி எவ்வளவு பின்னோக்கிப் போகிறது என்பது விளங்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஸ்டாண்டர்டு கார்தான். சுதந்தரம் வந்த அடுத்த வருஷத்தில், சென்னை யூனியன் கம்பெனியாரும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியாரும் சேர்ந்து ஏற்படுத்திய ஸ்தாபனம், வண்டலூர்ப் பக்கத்தில் தொழிற்சாலை நிறுவி, வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென் ஆகியவற்றைச் செய்து, 1961-இல் ஹெரால்டு என்ற காரைக் கொண்டுவந்தது. ஹெரால்டின் வடிவத்தை வரைந்தவர் இத்தாலிய நிபுணரான மிக்கலாட்டி. அதன் முன்மூடி மற்றக் கார்களில் இருப்பதுபோல் ஒரு பலகையாகத் திறக்காமல், மட்கார்டுகளும் விளக்குகளும் உட்பட முன்பக்கம் முழுவதுமே முன்னால் சாய்ந்து, எஞ்சினையும் முன்சக்கரங்களையும் வெட்டவெளியில் நிறுத்திவிடும். மெக்கானிக்குக்குக் குனிய வேண்டிய வேலையே இல்லை. டயரின்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். குடும்பம் பெரிதான நம் நாட்டுக்காகவே நான்கு கதவு வைத்து ஒரு ஹெரால்டு செய்தார்கள். சீமையில் ஹெரால்டு நான்கு கதவோடு வந்ததில்லை. பின்னர் 1972-இல் கெஸல் என்ற மாறுவேஷத்தில் அது சில காலம் நடமாடியது. 1980-களில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் ஒன்றை நம்பி இறங்கிய தொழிற்சாலை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. தாம்பரம் தாண்டிப் போகும் ரயிலில் அந்தக் காலத்தில் தினந்தோறும் ஷிப்டுக்குப் போன ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு, இந்த ஊரில் ஒரு கார் பிறந்து ஓடி நின்றது என்கிற விஷயமே தெரியாது. டில்லியிலும் ஜெயப்பூரிலும் ராஜவாகனங்களைக் கொண்டாடட்டும். சென்னைச் சங்கங்களின் கொடிக்கம்பத்துக்கு அடியில் முதலில் நிற்க வேண்டியது ஒரு ஹெரால்டு.

சாமானியனின் கார்கள் சங்கங்களில் இடம்பெறுவதற்கு இப்போது சட்டமும் வழி திறந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு செய்த விதித்திருத்தத்தின்படி, முதன்முதலில் பதிவாகி 50 ஆண்டுகளுக்கு மேலான, கூடும் சேஸிஸும் எஞ்சினும் பெருமாறுதல் அடையாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் தாங்கிய தனி எண் வரிசையில் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். காட்சிக்கும், பவனிக்கும், தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடுவதற்கும், பழுதுபார்ப்பதற்கும் சாலையில் வரலாமேயன்றி நித்திய உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. பழைய வண்டிகளை உடைத்துப் போடுவதற்கு அரசே ஊக்கம் கொடுக்கிற இந்நாளில், உடைக்கக்கூடாதவை என்று ஒரு ஜாதியைச் சட்டம் அங்கீகரித்திருப்பது சந்தோஷப்படத் தக்கதுதான். வருஷம் ஒன்று கழியக் கழிய அம்பாஸிடரும் ஃபியட் 1100-ம் ஹெரால்டும் ஐம்பது வயது தாண்டி இந்த வரிசைக்குத் தகுதி பெறுகின்றன. ஆனால் தாத்தாவின் மார்க் டூ அம்பாஸிடரைக் கொட்டகையில் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு, 20,000 ரூபாய் என்பது வண்டியின் விலையில் கணிசமான ஒரு பங்கு. ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவருக்கோ அது ஒரு டியூப்பின் விலை.

அம்பாஸிடர் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில், வாடகைக் கார் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டிக்கொண்டார்கள். பட்டறைகளில் அதற்கென்றே தாங்குகட்டைகள் வெட்டி, கியர் பெட்டியை இசைத்து, நாளடைவில் அது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. இன்றைய விதி இப்படிப்பட்ட வண்டியைப் பழம்பொருளாக ஏற்காது. சங்க நடுவரும் ஏற்கமாட்டார். சரித்திரம் என்று பார்த்தால், கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் சபரிமலைக்கும் நம் ஜனங்களை ஏற்றிச் சென்றது அந்த டீசல் அம்பாஸிடர்தானே? மூலரூபத்தின்மேல் உள்ள பக்தி அளவு மீறினால், கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த முதல்நாள் மாத்திரமே சரித்திரம், அதற்குப் பின் அது வாழ்ந்த ஐம்பது வருஷமும் களங்கம் என்று ஆகிவிடும். சட்டத்தை மாற்றுவது சங்கத்தின் கையில் இல்லை. போட்டியில் அத்தகைய வண்டிகளுக்கு ஒரு தனிப் பிரிவு வைப்பது சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

இப்படிப் பழுதுபார்ப்பது இந்த நாட்டில் ஒரு மகத்தான கலையாக வளர்ந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1953-இல் சுங்கவரிக் கமிஷன் சொன்ன யோசனையை ஏற்று, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யச் சம்மதிக்கும் கம்பெனிகள் மட்டும் இங்கே இருக்கலாம் என்று அரசாங்கம் தீர்மானித்தபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. மிஞ்சியவை கல்கத்தாவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு என்கிற மூன்றே. புதுக்கார் வேண்டுமென்று பணம் கட்டியவன் வருஷக்கணக்கில் காத்திருந்தான். ஏற்கெனவே இருந்த செவர்லேயும் மோரிஸும் டாட்ஜும் உதிரிபாகம் வராமல் ஓடியாக வேண்டியிருந்தது. அந்த நிர்ப்பந்தத்தில்தான் புதுப்பேட்டையும், மவுண்ட் ரோட்டின் சந்துகளும், மதுரையிலும் கோயம்புத்தூரிலும் ஊருக்கு ஊர் இருந்த பட்டறைகளும், இல்லாததைச் செய்துகொள்ளும் சாமர்த்தியத்தைக் கற்றன. நசுங்கிய மட்கார்டை மணல்மூட்டையில் வைத்துத் தட்டி, குழி விழுந்த இடத்தில் ஈயம் உருக்கி ஊற்றி, அரத்தால் இழைத்து, டூக்கோ அடித்தால் எங்கே ஒட்டுப்போட்டது என்று அடித்தவருக்கே தெரியாது என்னும்படி வேலை செய்த டிங்கர்கள் இருந்தார்கள். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சின்மேல் ஊன்றி மறுமுனையைக் காதோரம் வைத்துக்கொண்டு, டாப்பெட்டா, பேரிங்கா, பிஸ்டனா என்று கண்ணை மூடியபடியே சொல்லிவிடும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். தேங்காய் நாரை அடைத்து ரெக்ஸின் தைத்த ஆசனக்காரர், தேய்ந்த கிராங்கை அரை நூல்கூடப் பிசகாமல் கடைந்து கொடுத்த லேத்காரர், கார்புரேட்டரைப் பிரித்து மேஜையில் பரப்பி ஒரு ஜெட்டைக்கூட மாற்றி வைக்காமல் பூட்டிய பையன் என்று, ஒரு வண்டியின் பின்னால் ஒரு கிராமமே இருந்தது.

அந்தக் கிராமம் கலைந்துகொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறை எழுத்தில் படித்துக்கொள்ளும் புதுக்கார்களுக்குக் காது தேவையில்லை; பாயிண்ட் இடைவெளியைப் பிளேடின் கனத்தை வைத்தே சரிபார்த்தவரிடம் கற்றுக்கொள்ள இன்றைய பையனுக்கு முகாந்தரமும் இல்லை. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் படுத்துவிட்டால் தன் வண்டியும் படுத்துவிடும் என்று பயப்படாத பழைய கார் சொந்தக்காரர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. பயப்படுகிறார்களே தவிர, அந்த எழுபது வயதுக்காரரின் பக்கத்தில் ஒரு பதினெட்டு வயதுக்காரனை உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றுவதில்லை.

இந்தக் கைகளின் அருமை எரிபொருள் மாறும்போதெல்லாம் வெளிப்பட்டிருக்கிறது. இரண்டாவது மகாயுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, வண்டியின் பின்னால் உருளை அடுப்பு ஒன்றை மாட்டி, கரியை எரித்து அதன் வாயுவில் பஸ்களையும் கார்களையும் ஓட்டினார்கள். 1990-களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெட்ரோலும் உதிரிபாகங்களும் அறவே அருகிப்போனபோது, அங்கிருந்த ஒஸ்ரின் ஏ-40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் சில துளி பெட்ரோல் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையும் நாற்றமுமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை அந்த வண்டிகளே. இன்று உலகத்தில் எந்தச் சங்கம் மொறிஸ் மைனரின் சரித்திரத்தை எழுதினாலும், அதை வரைந்த அலெக் இஸிகோனிஸின் பெயருக்கு அடுத்தபடியாக அந்தப் பெயர் தெரியாத யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

இப்போது நம் வாசலிலேயே அப்படி ஒரு சோதனை வந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது, ஈயத்தின் மசகில் பிழைத்திருந்த பழைய வால்வு இருக்கைகள் தேயத் தொடங்கின. கடினமான வளையங்களை உள்ளே பதித்து லேத்காரர்கள் அதற்குப் பரிகாரம் கண்டார்கள். இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும்; காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில் துருவை வளர்க்கும்; எரிசக்தி குறைவாதலால் கார்புரேட்டரின் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்கினாலன்றி எஞ்சின் திணறும். எந்தக் குழாய் தாங்கும், எந்தக் காருக்கு எத்தனை அளவு ஜெட், நிறுத்திவைக்கும்போது டாங்கை என்ன செய்வது என்பதைத் தமிழில் நான்கு பக்கம் அச்சடித்து ஊர் ஊராகப் பட்டறைகளுக்கு அனுப்பக்கூடிய அறிவும் வசதியும் சங்கங்களிடம் உண்டு. ஒரு வருஷத்துப் பவனிக்கு ஆகும் பூமாலைச் செலவில் இது முடிந்துவிடும்.

இன்னொன்றும் அவர்களால் ஆகக்கூடியது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்பை முடிக்கும் பிள்ளைகளில் வருஷத்துக்கு நாலைந்து பேரைத் தேர்ந்து, மூத்த மெக்கானிக்குகளிடம் ஒரு வருஷம் சம்பளத்தோடு அனுப்பலாம். குருவுக்கும் தட்சிணை உண்டு என்று ஏற்பாடு செய்தால், தொழிலைச் சொல்லிக் கொடுக்கத் தயங்குகிற கிழவர்களும் தயங்கமாட்டார்கள். வெளியே இத்தொழிலுக்கு மதிப்பில்லை என்பதும் உண்மையில்லை: இங்கிலாந்தின் மோரிஸ் மைனர் அபிமானிகளுக்கு வேண்டிய தகரப் பாகங்களை இலங்கையில் கையால் அடித்துச் செய்து கப்பலில் அனுப்பிய பட்டறை ஒன்று உண்டு. கையால் தகரம் தட்டுகிறவர்கள் அருகிப்போன சீமை, நம் பக்கத்துக் கைகளைத் தேடி வந்தது என்பதே அதன் தாத்பர்யம்.

இதற்கெல்லாம் ஆட்சேபம் சொல்கிறவர்கள் உண்டு. புகை கக்கும் கிழட்டு வண்டிகளை எதற்காகச் சீராட்ட வேண்டும் என்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை இருபது முப்பது மைல் ஓடும் வண்டி கக்கும் புகையை, தினந்தோறும் ஒற்றை ஆளைச் சுமந்துகொண்டு அண்ணா சாலையில் நின்று நின்று நகரும் வண்டிகளின் புகையோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு மனம் வருமானால், விவாதம் அதோடு தீர்ந்துவிடும். பணக்காரர் விளையாட்டு என்கிற ஆட்சேபத்தில் மாத்திரம் எனக்கு அனுதாபம் உண்டு. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் நடக்கும் கார் அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகள் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைந்து பார்க்கிறார்கள். நம் சங்கங்களின் காட்சிகளோ பெரும்பாலும் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்குமே. கார்ப்பரேஷன் பள்ளி மைதானம் ஒன்றில் இதே காட்சியை நடத்தி, ஹெரால்டின் முன்மூடியைச் சாய்த்து வைத்து, தொட்டுப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

காட்சியில் ஒவ்வொரு காரின் முன்னும் ஒரு பலகை இருக்கிறது. காரின் பெயர், செய்த வருஷம், எஞ்சினின் கொள்ளளவு, சொந்தக்காரர் பெயர் என்று அதில் எழுதியிருக்கும். அந்த வண்டியை ஓட வைத்துக்கொண்டிருக்கும் மெக்கானிக்கின் பெயரும் டிங்கரின் பெயரும் ஊரோடு அதிலேயே வர வேண்டும். பரிசு கொடுக்கும்போது அவர்களையும் மேடைக்குக் கூப்பிட வேண்டும். அடுத்த காட்சிக்குப் பலகை எழுதக் கொடுக்கும்போதே இதைத் தொடங்கிவிடலாம். இரண்டு வரி கூடுதலாக எழுதுவதற்குப் பெயின்டர் ஒன்றும் பெரிதாகக் கூலி கேட்டுவிடமாட்டார்.